ஒரே ஆண்டில் இரண்டு கேஷ்

ஆங்கிலக் 'கேஷ்' நம் காசிலிருந்து போனது என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் சாட்சி வேண்டுமே.

முதலில் புரட்டியது ஹாப்சன்-ஜாப்சன். ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ.சி. பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த சொல்லகராதி. அதில் தமிழ்க் காசு இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு விளக்குவது கீழை நாடுகளின் சில்லறை நாணயத்தை. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் எங்கிருந்து வந்தது?

தடயம் 1598-இல் லண்டனில் அச்சான இரண்டு நூல்களில் இருக்கிறது. ஒன்று ஜான் ஃப்ளோரியோவின் இத்தாலி-ஆங்கில அகராதி. 'கஸ்ஸா' என்றால் பெட்டி, வணிகரின் கேஷ் என்கிறது. லத்தீன் 'கப்ஸா', பிரெஞ்சு 'கேஸ்' எல்லாம் இந்தப் பெட்டிக் குடும்பம்தான். பெட்டியின் பெயர் உள்ளே கிடந்த பணத்துக்கு ஏறிவிட்டது. நாம் 'நல்ல கல்லா' என்று வசூலைச் சொல்வதுபோல.

மற்றது டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனின் பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஜாவாத் தீவின் சுண்டாவில் புழங்கிய செப்பு நாணயத்தை அது 'காய்ஷா' என்கிறது. போர்த்துக்கீசியர் காசைத் தங்கள் வாய்க்கு வசதியாகத் திரித்த வடிவம் அது. வம்பு என்னவென்றால், அவர்கள் மொழியில் காய்ஷா என்றால் பெட்டியும்கூட! இரண்டு தடங்களும் குழம்புவது இங்கேதான். சீனரின் சதுரத்துளை நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் கேஷ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இந்த வழியில்தான்.

எனக்குப் பிடித்த சாட்சி ஒரு செப்பு நாணயம். சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு நடந்த காலம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பர்மிங்காமின் சோஹோ ஆலையில் 1808-இல் அடித்த 20 காசில், ஆங்கில எழுத்தில் 'கேஷ்'. மேலே பாரசீகத்தில் '20 காஸ் 4 ஃபுலூஸ்'. ஷகர எழுத்து பாரசீகத்தில் உண்டு. இருந்தும், கேஷ் என்னாமல் காசு என்றே ஒலிக்கும்படி ஸகரமே பொறித்திருக்கிறார்கள்.

ஆக, சில்லறைக் கேஷ் நம்முடையது; ரொக்கக் கேஷ் இத்தாலிப் பெட்டியுடையது. வங்கியில் உட்காரும் கேஷியரும் பெட்டிக் குடும்பமே. படை அதிகாரியை அவமானப்படுத்தி விரட்டுவதைச் சொல்லும் கேஷியரோ டச்சுவழி வந்த அந்நியர். முந்திரிக் 'கேஷு' பிரேசிலின் துப்பி மொழிச் சொல்; அதையாவது யாரும் காசோடு முடிச்சுப் போடாதிருந்தால் சரி.