கருவி ஓடுவதெல்லாம் வேலை ஆகாது



நம் பக்கம் இரும்பு வேலைக்குப் பேர்போனது. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1964-ல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965-ல் ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கி என்று உங்களுக்குத் தெரிந்த கதைதான். இப்போது நம் மாணவர்களில் சிலர் சி.என்.சி. ரவுட்டர் வாங்கி மரத்தில் இன்லே, அதாவது பதிப்பு வேலை செய்கிறார்கள். "மெஷின் நாள் முழுக்க ஓடுது சார், காசுதான் நிக்கல" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

பதிப்பு வேலை நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். பலா மரத்தில் குடைந்து, அந்நாளில் தந்தம் பதித்தார்கள். மைசூரில் ஈட்டி மரத்தில் பதித்தார்கள். பொருள் விலை அதிகம் என்பதால், உளியை எடுக்கும் முன்பே எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று ஆசாரி முடிவு செய்துவிடுவார்.

பிரான்சில் பதினான்காம் லூயி மன்னரிடம் வேலை பார்த்த ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732) ஆமை ஓட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே முறையில் அறுத்தார். ஒரே அறுப்பில் இரண்டு ஜோடி கிடைத்தது: ஆமை ஓட்டில் பித்தளை, பித்தளையில் ஆமை ஓடு. இத்தாலியிலிருந்து வந்த இந்த முறையில் அவர் பேர் நிலைத்துவிட்டது. பொருளும் வீணாகவில்லை, உழைப்பும் வீணாகவில்லை.

பிறகு எந்திரம் வந்தது. ஹெலிகாப்டர் இறக்கைக்காக ஜான் பார்சன்ஸ் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சியாக, 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி ஒரு மில்லிங் மெஷின் ஓடியது. அந்த எந்திரம் சொன்னதைச் செய்யும், சொன்னது சரியா என்று கேட்காது. இன்றைய ரவுட்டரும் அப்படித்தான்.

ஒரு கணக்கு போடுவோம். 30 செ.மீ. சதுரப் பலகையில் 10 செ.மீ. பூ ஒன்றைப் பதிப்புத் துண்டாக எடுக்கிறீர்கள். பூ மேடாக நிற்க, சுற்றியுள்ள மரத்தைச் சீவ வேண்டும். எல்லை குறிக்காவிட்டால் எந்திரம் பலகை முழுவதையும் சீவும். 3 மி.மீ. கட்டர், ஒவ்வொரு வரிக்கும் 1.5 மி.மீ. நகர்வு. பூவின் பரப்பைக் கழிக்காமல் பார்த்தால் 90,000 ÷ 1.5 = 60,000 மி.மீ., அதாவது 60 மீட்டர். நிமிடத்துக்கு 1,500 மி.மீ. வேகத்தில் 40 நிமிடம். பூவைச் சுற்றி 13 செ.மீ. சதுரம் மட்டும் எல்லை வைத்தால் சுமார் 11 மீட்டர், எட்டு நிமிடத்துக்குள் முடியும். அப்புறம் அந்த எல்லையோடு பலகையை முழுதாக அறுத்துப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மிச்ச மரம் முட்டி, பூ குழியில் உட்காராது. அந்த அறுப்பைச் சேர்த்தாலும் பாதி மணி நேரம் மிச்சம்.

இன்னும் இரண்டு. பெரிய பரப்பைப் பெரிய கட்டரில் சீவி, கூரான மூலைகளை மட்டும் வி-பிட்டுக்கு விடுங்கள். அடுத்து, வரிசை. அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி என்று போக வேண்டியவர் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி போய், திருமுல்லைவாயலுக்குத் திரும்பி, மறுபடி ஆவடி போவாரா? கட்டர் தூக்கித் தூக்கி இடம் மாறுவதும் அதே வீண் பயணம்தான். இந்தக் கணக்கைத்தான் 1954-ல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் மூவரும் 49 நகரங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

சிறிய பட்டறைக்கு மின்கட்டணம், பிட் தேய்மானம், வாடகை எல்லாம் நிமிடக் கணக்கில் போகிறது. நாள் ஒன்றுக்கு அரை மணி மிச்சமானாலும் மாதம் 25 வேலைநாளில் பன்னிரண்டரை மணி. ஸ்டார்ட் பட்டனைத் தொடும் முன் திரையில் பாதையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெற்றுக் காற்றில் ஓடும் கோடு எது என்று கண்ணுக்கே தெரியும்.

பட்டறை வைத்திருப்பவர்கள் செய்து பார்த்து, எவ்வளவு மிச்சமானது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.