சேத்தூர்ப் பொலியும் "எதில் பங்கு?" என்ற கேள்வியும்

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சேத்தூர், பாளையமாக இருந்து பின்னர் ஜமீனாக மாறிய ஊர்களுள் ஒன்றாகும். 1802ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரி ஒழுங்குமுறை ஜமீன் அரசுக்குச் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் என்னும் கப்பத்தை ஒரே தொகையாக நிலைப்படுத்தியது. ஆனால் அந்தத் தொகைக்கு ஆதாரமான நெல்லோ, மலையிலிருந்து இறங்கும் நீரையும் கண்மாய்களையும் நம்பி ஆண்டுக்கு ஆண்டு கூடியும் குறைந்தும் விளைந்தது. மாறிக்கொண்டே இருக்கும் விளைச்சலைப் பலருக்கும் பிரித்துக்கொடுக்கத் தமிழகத்து வேளாண் சமூகம் கைக்கொண்ட முறை வாரம், அதாவது விளைவில் பங்கு என்பதாகும். நிலத்தின் மேலுரிமை உடையவர் பெறும் பங்கு மேல்வாரம் என்றும், உழுது பயிரிடும் குடி பெறும் பங்கு குடிவாரம் என்றும் வழங்கின. சேத்தூரை அடுத்த ஊரின் பெயரான தேவதானம் என்பதே கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் பழைய கணக்குச் சொல் என்பது, இந்த வட்டாரத்தில் நிலமும் பங்கும் கணக்கும் எவ்வளவு நெருங்கிக் கிடந்தன என்பதைக் காட்டும்.

பங்கைப் பற்றிய இந்தக் கணக்கறிவு இன்று வேறொரு வடிவில் தேவைப்படுகிறது. போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்கள் "தரவுப் போதுமை" என்ற தலைப்பில் ஒருவகைக் கணக்கைப் பயில்கின்றனர். இதில் விடையைக் கண்டுபிடிக்குமாறு கேட்பதில்லை. கொடுக்கப்பட்ட இரண்டு கூற்றுகளில் முதலாவது மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, தனித்தனியே எதுவாயினும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்றுதான் கேட்கின்றனர். விகிதமும் விழுக்காடும் வரும் கணக்குகளில் இந்தக் கேள்வி மிகவும் கூர்மையடைகிறது. ஏனெனில் பங்கு என்பது தன்னளவில் ஓர் அளவு அன்று, வேறோர் அளவைச் சார்ந்து நிற்பது. தேர்வின் வடிவம் புதியதே ஆனாலும், அது சோதிக்கும் அறிவு களத்துமேட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேவைப்பட்ட அறிவே ஆகும்.

அந்த அறிவுக்கு அடித்தளமிட்டவை திண்ணைப் பள்ளிகள். அங்கே பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்னும் வாய்பாட்டுச் சுவடிகளைச் சிறுவர்கள் மணலில் எழுதியும் உரக்கச் சொல்லியும் மனத்தில் பதித்துக்கொண்டனர். முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி அல்லது வீசம் 16இல் ஒன்று எனப் பின்னம் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்ததனால், பங்கு பிரிப்பதற்குத் தாளும் எழுத்தும் தேவைப்படவில்லை. மூன்று அளவுகள் தெரிந்தால் நான்காவதைக் காணலாம் என்னும் விதியை முத்தொகை வினா என்றும், ஐந்து அளவுகளால் ஆறாவதைக் காண்பதை ஐந்தொகை வினா என்றும் வழங்கினர். கி.பி. 499இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்திலும் இடம்பெறும் முதல் விதியின் தமிழ்ப் பெயரிலேயே, விடை காண எத்தனை தொகைகள் தேவை என்ற எண்ணிக்கை அடங்கியிருப்பது கருதத்தக்கது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்னும் கணக்கு நூல் இதே உணர்வை வேறொரு வகையில் வெளிப்படுத்துகிறது: பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால், பழத்தை அறுக்காமலே சுளைகளின் தொகையை அறியலாம் என்கிறது அந்நூல். விடை தோராயமானதே எனினும், கண்ணுக்குத் தெரியும் எந்த ஒன்று கண்ணுக்குத் தெரியாத மற்றொன்றுக்குப் போதுமானது என்று தேடும் மனம் அதில் இயங்குகிறது.

களத்தில் இந்தத் தேடல் வாழ்வோடு பிணைந்த ஒன்றாக இருந்தது. அறுத்த கதிரை அடித்துத் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். பொலியிலிருந்து மேல்வாரமும் குடிவாரமும் மட்டுமன்றி, நீர்பாய்ச்சி, காவல்காரர், தச்சர், கொல்லர், நாவிதர் முதலிய ஊர்த் தொழிலாளர்க்கு வழக்கப்படி உரிய பங்குகளும் சென்றன. இவற்றுக்குச் சுதந்திரம் என்று பெயர். மேலோட்டமாகப் பார்த்தால், "சுதந்திரம் ஒரு மா, மீதி சரிபாதி" என்ற வாய்மொழி முழுமையான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் எடுத்துக்காட்டாக 40 கோட்டை நெல்லைக் கொண்ட ஒரு பொலியை எண்ணிப் பார்க்கும்போது, எதில் ஒரு மா, எதில் பாதி என்று சொல்லாத வெற்றிடம் அந்த வாய்மொழிக்குள் இருப்பது வெளிப்படுகிறது. கோட்டை என்பது திருநெல்வேலிச் சீமையில் 21 மரக்கால் கொண்ட அளவாகையால், அந்தப் பொலி 840 மரக்காலும், அதில் ஒரு மா 42 மரக்காலும், அதாவது 2 கோட்டையும் ஆகும்.

பொதுப்பொலியிலிருந்து முதலில் சுதந்திரத்தை எடுத்துவிட்டால் எஞ்சும் 38 கோட்டையில் மேல்வாரத்துக்கு 19, குடிக்கு 19 கிடைக்கும். பொலியை முதலில் சரிபாதியாகப் பிரித்து, மொத்தத்தில் ஒரு மாவைக் குடியே தன் பங்கிலிருந்து கொடுக்க நேர்ந்தால் மேல்வாரம் 20, குடிவாரம் 18 ஆகிவிடும். குடி தன் பாதியில் மட்டும் ஒரு மா கொடுத்தால் மேல்வாரம் 20, குடிவாரம் 19, ஊர்த் தொழிலாளர்க்கு 1 கோட்டை என்று அமையும். முதல் முறையிலும் மூன்றாம் முறையிலும் குடியின் கைக்கு வருவது அதே 19 கோட்டைதான். ஆகவே குடிக்கு 19 கிடைத்தது என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முறையில் பிரித்தார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ள, மேல்வாரம் எவ்வளவு என்றோ, நீர்பாய்ச்சியும் கொல்லரும் எவ்வளவு பெற்றனர் என்றோ கேட்க வேண்டும். பங்கீட்டில் ஒருவரின் பங்கை மட்டும் கேட்டால் கணக்கு முழுமை பெறாது என்பதும், மிகச் சிறிய பங்கு பெறுவோரின் பங்கு பாதியாகக் குறைந்தாலும் அக்குறைவு குடியின் கணக்கில் தெரியாமலே போகக்கூடும் என்பதும் இந்த எளிய எடுத்துக்காட்டிலிருந்து பெறப்படும் உண்மைகள்.

அளவைக் கருவியும் இதே வகையான கேள்வியை எழுப்பியது.  மரக்காலைத் தலைதட்டி அளந்தனரா, கூம்பாகக் குவித்து அளந்தனரா என்பதைப் பொறுத்து நெல்லின் அளவு மாறியது. ஒரே மரக்காலால் ஒரே விதமாக இரு தரப்புக்கும் அளந்தால் விகிதம் பிசகாது. ஆகவே வாரத்தில் மரக்காலின் பெருமை சிறுமை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் விளைச்சல் எவ்வளவாயினும் இத்தனை மரக்கால் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்யும் குத்தகையில், பெரிய மரக்கால் குடியின் கையிருப்பை நேரடியாகக் குறைத்துவிடும். எந்தத் தரவு தேவை, எது தேவையில்லை என்பது ஏற்பாட்டின் தன்மையைப் பொறுத்தே அமைகிறது.

நூற்றுக்கு இவ்வளவு என்று பேசும் வழக்கு வட்டிக் கணக்கில் முன்பே இருந்தபோதிலும், ரூபாய்க்கு 16 அணா என்று இருந்தவரை அன்றாடப் பேச்சு வீசத்தையே சுற்றி வந்தது. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி என்பது செவிக்குச் சிறிதாகத் தோன்றினாலும், அது மாதத்துக்கு 6.25 விழுக்காடும் ஆண்டுக்கு 75 விழுக்காடும் ஆகும். காலம் என்னும் தரவை விட்டுவிட்டால் கடனின் சுமை கண்ணில் படாது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 காசுகளாகப் பகுக்கப்பட்ட பின்னர், வீசமும் மாகாணியும் சந்தையிலிருந்து மெல்ல விலகி, விழுக்காடு பொதுமொழியாயிற்று.

சட்டமும் மெல்ல விழுக்காட்டின் வழிக்கு வந்தது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளின் உரிமைகளை வரையறுத்ததோடு, தானியமாகக் கொடுத்த வாரத்தைப் பணமாக மாற்றிக்கொள்ளவும் வழிவகுத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையையே ஒழித்தது. 1956ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் நஞ்சை நிலத்துக்கு 40 விழுக்காடு என்று நிலவுடையவரின் வாரத்தை வரையறுத்தது; அது பின்னர் 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எண்ணைச் சொன்னதோடு அச்சட்டம் நின்றுவிடவில்லை. இயல்பான மொத்த விளைச்சலில் இத்தனை விழுக்காடு என்று அடிப்படையையும் சேர்த்தே கூறியது. களத்தில் வாய்மொழி விட்டுவைத்த வெற்றிடத்தை எழுத்தால் நிரப்ப முயன்ற இந்தச் சொற்றொடர், உழவரின் பார்வையில் அந்த எண்ணுக்கு இணையான முக்கியத்துவம் உடையதாகும்.

இந்தப் பின்னணியில் தேர்வுக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சுதந்திரம் இன்றி மேல்வாரமும் குடிவாரமுமாக மட்டும் பிரியும் ஒரு பொலியின் மொத்த அளவு என்ன என்பது கேள்வி. மேல்வாரமும் குடிவாரமும் 3:2 என்ற விகிதத்தில் உள்ளன என்பது முதற்கூற்று. மேல்வாரம் குடிவாரத்தைவிட 7 கோட்டை அதிகம் என்பது இரண்டாவது. விகிதம் மட்டும் தெரிந்தால் பொலி 5 கோட்டையாகவும் இருக்கலாம், 500 கோட்டையாகவும் இருக்கலாம். வேறுபாடு மட்டும் தெரிந்தாலும் பயனில்லை. இரண்டும் சேரும்போது ஒரு பங்கு 7 கோட்டை என்றும், மொத்தம் 35 கோட்டை என்றும் ஐயமின்றித் தெரிகிறது. இரண்டாம் கூற்றை மாற்றி, குடிவாரம் மொத்தத்தில் 40 விழுக்காடு என்று கொடுத்தாலோ, ஐந்தில் இரண்டு என்பதையே அது வேறு உடையில் திரும்பச் சொல்கிறது. இரு கூற்றுகளையும் சேர்த்தும் விடை கிட்டாது. இரண்டு செய்திகள் இருப்பதாலேயே இரண்டு தரவுகள் இருப்பதாகாது என்பதை மாணவர் உணர வேண்டிய இடம் இதுவே. விகிதங்கள் எத்தனை இருந்தாலும், கோட்டையிலோ மரக்காலிலோ சொல்லப்பட்ட ஓர் அளவேனும் இல்லாமல் மொத்தத்தை எட்ட முடியாது.

வாரத்துக்கு விட்ட நிலங்களில், பங்கு பிரிக்கும் நாள் வரை பொலியின் மேல் முத்திரை பதித்துக் காவல் வைக்கும் வழக்கம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் உரிய விகிதம் ஊராருக்கு முன்பே தெரிந்திருந்தும், களத்தில் காவல் தேவைப்பட்டது பொலிக்கே; முத்திரை கலைந்து மொத்தம் குறைந்த பின், மாவும் வீசமும் பிசகாமல் எண்ணிக் கொடுத்தாலும் குடியின் வீட்டுக்குப் போகும் நெல் குறைந்துதான் இருக்கும்.