மார்க்கோ போலோ பார்த்த காயல்

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் பழையகாயல் வரைக்கும் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் கடலைத் தேடினேன். கண்ணில் பட்டதெல்லாம் உப்பளம்தாங்க!

13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வெனிஸ்காரர் மார்க்கோ போலோ எழுதி வைத்த பாண்டியர் துறைமுகம் இந்தப் பக்கம்தான் இருந்தது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் வந்து இறங்கின. முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டினவர்களுக்கு இருபதில் ஒன்று. மூச்சடக்கி முங்கினவனுக்கு? வெறும் கூலி!

தாமிரபரணி கொண்டுவந்த மண் முதலில் கொற்கையைத் தூர்த்தது, அப்புறம் காயலை. 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இங்கே உடைந்த சீனப் பீங்கானைக் கண்டெடுத்தார். வியாபாரம் புன்னைக்காயல், தூத்துக்குடி என்று நகர்ந்துகொண்டே போனது.

ராத்திரி ஊர் திரும்பும்போது துறைமுகத்து விளக்குகள் தெரிந்தன. கொற்கைக்காரனும் ஒருநாள் இப்படித்தான் பெருமையாப் பார்த்திருப்பான்னு தோணிச்சு.