ஆவாஹனமும் யதாஸ்தானமும்: ஒரு கைமாற்றத்தின் கதை

வெளிநாட்டு வேலை விளம்பரங்களைப் பார்க்கிற பழக்கம் இருந்தா இந்த மாதிரி ஒண்ணு கண்ணில் பட்டிருக்கும். "கொடையாளர் நிதியில் இயங்கும் சுகாதார ஒருங்கிணைப்பு அமைப்பை நாட்டின் சொந்த அமைப்புகளோடு இணைக்க ஆலோசகர் தேவை." படிச்சா கொட்டாவி வரும். ஆனா இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கு. அதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு.

விஷயம் இதுதான். ஒரு நாட்டுக்கு நோய்க்காக வெளியிலிருந்து பணம் வருது. பணம் கொடுக்கிறவர் தனக்குன்னு ஒரு அலுவலகம், ஒரு கமிட்டி, ஒரு ரெஜிஸ்டர், ஒரு சம்பள விகிதம் எல்லாம் உண்டாக்கிக்கிறார். பத்து வருஷம் கழிச்சு அவர் கிளம்பறார். அந்த ரெஜிஸ்டரை அப்புறம் யார் எழுதுவாங்க? கமிட்டிக்கு டீ வாங்க யார் காசு கொடுப்பாங்க? அதுக்குத்தான் ஆலோசகர்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி எடுத்து, வேலூர் சிஎம்சியில் சோதிச்சு, இந்தியாவில் எச்ஐவி இருக்குன்னு முதல்முதலா கண்டுபிடிச்சாங்க. 1992-ல் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் (நாக்கோ) உருவாச்சு. உலக வங்கி 8.4 கோடி டாலர் கடன் கொடுத்தது. பணம் வந்துச்சு, செலவாகலை. டெல்லியிலிருந்து மாநிலக் கருவூலத்துக்கு, அங்கிருந்து நிதித்துறைக்கு, அப்புறம் சுகாதாரத்துறைக்கு... ஒவ்வொரு மேஜையிலும் ஃபைல் ஒரு தூக்கம் போட்டுட்டுத்தான் எழுந்திருக்கும்.

இதுக்குத் தமிழ்நாடு ஒரு வழி கண்டுபிடிச்சது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம்னு ஒண்ணைப் பதிவு செஞ்சாங்க. தலைமையில் ஐஏஎஸ் அதிகாரி, ஆனா சட்டப்படி அது ஒரு சங்கம். தனி வங்கிக் கணக்கு, பணம் நேரா வரும், கருவூலத்தைச் சுத்த வேண்டாம். ஆளை ஒப்பந்தத்தில் எடுக்கலாம், தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கலாம். அரசாங்கம் தானே அரசாங்கத்துக்கு வெளியே ஒரு வாசல் வெச்சுக்கிச்சு! அடுத்த கட்டத் திட்டத்தில் எல்லா மாநிலங்களுக்கும் இதே மாதிரி சங்கங்கள் வந்தது. இதைப் பத்தி நாம போதுமான அளவு பெருமை பேசலைன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

அதே சமயம் 1995-ல் அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் பணத்தில், சென்னை வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ் மூலமா அபாக் (ஏபிஏசி) திட்டம் ஆரம்பிச்சது. இன்னொரு பக்கம் பிரிட்டன் பணம், ஐநா அமைப்புகள், 2002-க்கு அப்புறம் குளோபல் ஃபண்ட். ஒவ்வொருத்தருக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு கெடு.

இந்தக் கூட்டத்துக்குள்ளதான் பில் கேட்ஸ் வந்தார். 2002 நவம்பரில் இந்தியா வந்து 10 கோடி டாலர் அறிவிச்சார். 2003-ல் திட்டம் தொடங்கிச்சு, தொகை ஏறிக்கிட்டே போய் கடைசியில் 33.8 கோடி டாலர் வரைக்கும் போச்சு. பேரு ஆவாஹன். கலசத்தில் சாமியைக் கூப்பிட்டு இருத்துவாங்களே, அதே ஆவாஹனம்தான். 'செயலுக்கு அழைப்பு'ங்கிற அர்த்தத்தில் வெச்ச பேர். வெச்சவங்களுக்கு இன்னொரு விஷயம் தெரியுமான்னு தெரியலை. நம்ம வீட்டுப் பூஜையில் ஆவாஹனம் பண்ணினா கடைசியில் யதாஸ்தானமும் பண்ணியாகணும். கூப்பிட்டவரை முறையா திருப்பி அனுப்பணும் :-)

ஆறு மாநிலங்கள்: தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரா, மணிப்பூர், நாகாலாந்து. இதுபோக நெடுஞ்சாலை லாரி டிரைவர்கள். தலைமைக்கு வந்த அசோக் அலெக்சாண்டர் டாக்டர் இல்லை, மெக்கின்சி கம்பெனி ஆள். அவர் கட்டினதும் கம்பெனி மாதிரியேதான் இருந்தது. எந்த ஊரில் எத்தனை பேர், எத்தனை பேரை இந்த மாசம் பார்த்தோம், எத்தனை பேர் கிளினிக் வந்தாங்க, எல்லாம் மாசாமாசம் கணக்கு. அதே தொழிலில் இருக்கிற பெண்களையே 'பியர்' களப்பணியாளரா எடுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குப் படம் போட்ட தாளைக் கொடுத்து, தன் தெருவில் யாருக்கு என்ன ஆபத்துன்னு அவங்களே திட்டம் போடற மாதிரி செஞ்சாங்க. மொத்தத்தில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

பிரச்சினையும் அங்கேயே இருந்தது. அரசாங்கத் திட்டம் நடந்துக்கிட்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு திட்டம், அதைவிட நல்ல சம்பளம், அதைவிட நல்ல கிளினிக். 2004 ஏப்ரலில் வாஷிங்டனில் கொடை நாடுகளும் ஐநா எய்ட்ஸ் அமைப்பும் கூடி 'மூன்று ஒன்றுகள்'னு ஒரு கொள்கையை ஒத்துக்கிட்டாங்க. ஒரு நாட்டுக்கு ஒரே செயல்திட்டம், ஒரே ஒருங்கிணைப்பு அமைப்பு, ஒரே கண்காணிப்பு முறை. பேப்பரில் எல்லாரும் கையெழுத்து. நடைமுறையில் அதை இந்தியாவில் ஓரளவு பிடிவாதமா கேட்டது, சுஜாதா ராவ் தலைமையில் இருந்தபோது நாக்கோதான். 2007-ல் தொடங்கின மூன்றாவது கட்டத் திட்டம், யார் பணமா இருந்தாலும் தன் சட்டகத்துக்குள்ள வரணும்னு சொல்லிச்சு.

கைமாற்றம் மூணு தவணையில் நடந்தது. 2009-ல் சுமார் 10 சதவீதம், 2011-ல் 20, 2012-ல் மிச்சம் 70. இப்படிப் பிரிச்சது புத்திசாலித்தனம்னு சொல்வேன், ஏன்னா முதல் தவணை சரியா போகலை. ஒப்பந்தம் தாமதம், மருந்து வரத்தில் இடைவெளி. நேத்து வரைக்கும் ஒரு சம்பளம் வாங்கினவருக்கு நாக்கோ விகிதப்படி குறைச்சல். பத்து சதவீதத்தில் இது நடந்ததால் பாடமாச்சு, நூறு சதவீதத்தில் நடந்திருந்தா விபத்து. அதுக்கு அடுத்த தவணைகளில் முன்கூட்டியே எல்லாத்தையும் அரசு அளவுக்கு இறக்கினாங்க. பட்ஜெட், ஆள் எண்ணிக்கை, ரிப்போர்ட் படிவம் எல்லாம் மாறின பிறகுதான் பேர்ப்பலகை மாறிச்சு. கைமாறின பிறகும் கொஞ்ச காலம் கூடவே நின்னாங்க.

உண்மையில் ஆலோசகரோட வேலை இதுதான். பவர்பாயின்ட் இல்லை. எந்தச் சம்பளம் எந்தக் கணக்குத் தலைப்பில் வருதுன்னு தேடிப் பிடிக்கறது. ரெண்டு படிவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வெச்சு எந்தக் கட்டத்தை அடிக்கலாம்னு பார்க்கறது. கையெழுத்துப் போடற அதிகாரம் யாருக்கு மாறணும்னு எழுதறது. இதில் ஒரு வேடிக்கை, ஆலோசகருக்கே பெரும்பாலும் கிளம்பப் போற கொடையாளர்தான் சம்பளம் தருவார். அதனால் 'இதை மூடிடலாம்'னு எழுத ஆலோசகருக்குக் கை வராது, 'இன்னும் ஆறு மாசம் தேவை'ன்னு எழுத நல்லாவே வரும். குறை ஆள்கிட்ட இல்லை, ஏற்பாட்டில் இருக்கு.

எல்லாம் அப்படியே கைமாறலைங்கறதையும் சொல்லணும். களப்பணியாளர் முறை மாறிச்சு, தெருவாரித் திட்டமிடல் அரசுத் திட்டத்துக்குள்ள போச்சு. அந்தப் பெண்களே கூடி நடத்தின கூட்டமைப்புகள், போலீஸ் அடிச்சா ராத்திரியில் ஓடிவர ஆள், இதுக்கெல்லாம் அரசு பட்ஜெட்டில் ஒரு தலைப்பு கண்டுபிடிக்கிறது கஷ்டம். எண்ணக்கூடியது சுலபமா போய்ச் சேர்ந்தது, எண்ண முடியாதது தடுமாறிச்சு. ஆவாஹன் மொத்தமா பத்து வருஷத்தில் 6 லட்சம் தொற்றுகளைத் தடுத்திருக்கும்னு 2013-ல் வெளியான ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. அது கணித மாதிரி வெச்சுப் போட்ட கணக்கு. கொஞ்சம் குறைச்சே எடுத்துக்கிட்டாலும் பெரிய எண்தான்.

இந்தக் கதையில் என்னை ரொம்பச் சங்கடப்படுத்தினது கைமாற்றத்துக்குப் பின்னாடி நடந்தது. 2014-ல் மத்திய அரசு நிதி போகும் வழியை மாத்திச்சு. எய்ட்ஸ் பணம் இனி நேரா சங்கங்களுக்குப் போகாது, மாநிலக் கருவூலம் வழியாத்தான். எந்தக் கருவூலத்தைச் சுத்தக் கூடாதுன்னு 1994-ல் சங்கம் வெச்சாங்களோ, அதே கருவூலம்! பல மாநிலங்களில் களப்பணியாளர்களுக்கு மாசக்கணக்கில் சம்பளம் வரலை. 'நாட்டின் அமைப்போடு இணைக்கணும்'னு விளம்பரத்தில் எழுதறது சுலபம். அந்த அமைப்பில் கருவூலமும் அடக்கம்.

மத்த நாடுகளில் இந்தக் கதை இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. குளோபல் ஃபண்ட் பணம் வாங்கற நாடுகளில் அரசு, தொண்டு அமைப்பு, நோயாளிகள், கொடையாளர் எல்லாரும் உட்கார்ற ஒரு ஒருங்கிணைப்புக் குழு இருக்கும். அந்தக் குழுவை நாட்டின் அமைப்புகளுக்குள்ள எங்கே பொருத்தறதுன்னு 2018-ல் 18 நாடுகளில் சோதனை முயற்சி ஆரம்பிச்சாங்க. பொறுமையா, கட்டம் கட்டமா போகலாம்னு எண்ணம்.

அப்புறம் 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஒரே நாளில் நிறுத்தி வெச்சது. ஜூலை 1-ஆம் தேதி யுஎஸ்எய்டே முடிஞ்சு போச்சு. பல ஆப்பிரிக்க நாடுகளில் களப்பணியாளருக்கும் கணக்கு எழுதறவருக்கும் அந்தப் பணத்திலிருந்துதான் சம்பளம். பத்து, இருபது, எழுபதுன்னு தவணை கேட்க அங்கே யாருக்கும் நேரம் கிடைக்கலை. இந்தியாவில் அந்தச் சமயம் நடந்துக்கிட்டிருந்த ஐந்தாம் கட்ட எய்ட்ஸ் திட்டம், 2021 முதல் 2026 வரைக்குமானது, 15,471.94 கோடி ரூபாய். முழுக்க மத்திய அரசுப் பணம்.