முட்டிக்கு ஓய்வு என்ற பழைய விதி

முட்டி வலின்னு சொன்னா நம்ம வீடுகளில் முதலில் வரும் பதில்: "நடக்காதே, ரெஸ்ட் எடு." இந்த அறிவுரை எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் படித்ததன் குறிப்புகள் இவை.

19-ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவர் இருந்தார். பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பம். நோயுற்ற மூட்டுக்கு முழுமையான, இடைவிடாத, நீண்ட ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காகவே இரும்புப் பட்டைகளை வைத்துக் காலை அசையவிடாமல் கட்டும் சாதனத்தை உருவாக்கினார். அன்றைக்கு மூட்டைத் தின்ற பெரிய நோய்களில் ஒன்று காசநோய். அதைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. அந்த நிலையில் ஓய்வு நியாயமான சிகிச்சைதான்.

ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில் வந்தது. நோய் மாறிவிட்டது, விதி மட்டும் தங்கிவிட்டது. எங்க தொழிலில் இது சகஜம். ஏன் எழுதினாங்கன்னு யாருக்கும் நினைவில்லாத ஒரு நிபந்தனை, பல வருஷமா கோடுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதை நீக்க எல்லாருக்கும் பயம்.

தேய்மான முட்டிக்கு இந்த விதி ஏன் பொருந்தாது? இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் பந்து மாதிரி, தானே நிற்கும். முட்டி அப்படியில்லை. தொடை எலும்பின் உருண்டையான முனை, கிட்டத்தட்ட தட்டையான கீழ்க்கால் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கு. அதைப் பிடித்து வைப்பவை ஜவ்வுகளும் தசைகளும்தான், முக்கியமாக முன்தொடைத் தசை. வலிக்குப் பயந்து உட்கார்ந்தால் அந்தத் தசை மெலியும். மெலிந்தால் படி இறங்கும்போது முட்டி சட்டென்று மடங்கும். மடங்கினால் பயம் கூடும், நடை இன்னும் குறையும்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் சிகாகோ ராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலோர்ம், முட்டி அடிபட்ட வீரர்களைப் படிப்படியாக எடை தூக்க வைத்தார். அதை 1945-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஆனால் அவர்கள் இளைஞர்கள். வயதானவர்களின் தேய்ந்த முட்டி தாங்குமா?

அமெரிக்காவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 439 பேரிடம் நடந்த ஆய்வு 1997-இல் வந்தது. 18 மாதங்கள் ஒரு பிரிவினர் நடந்தார்கள், ஒரு பிரிவினர் எடைப் பயிற்சி செய்தார்கள், மூன்றாம் பிரிவினருக்கு ஆரோக்கிய வகுப்பு மட்டும். பயிற்சி செய்த இரு பிரிவினருக்கும் வலியும் முடக்கமும் குறைந்தன. மாயமில்லை, மிதமான பலன்தான். ஆனால் எக்ஸ்-ரேயில், வகுப்புக்கு மட்டும் போனவர்களைவிட அவர்கள் முட்டி அதிகம் தேய்ந்திருக்கவில்லை. பழைய பயத்துக்கு இதுதான் பதில்.

கதை இங்கே முடிந்திருந்தால் "எல்லாரும் எடை தூக்குங்க"ன்னு சொல்லிவிடலாம். 2003-இல் அதே சிகாகோவிலிருந்து லீனா சர்மா குழுவின் ஆய்வு வந்தது. கால் வளைந்திருந்தவர்களிடமும் ஜவ்வு தளர்ந்திருந்தவர்களிடமும், முன்தொடைத் தசை வலுவாக இருந்தவர்களுக்கே தேய்மானம் அதிகமாக முன்னேறியிருந்தது. கோணலான மூட்டில் பலமான இழுப்பு, சுமையை ஒரு பக்கமாகவே ஏற்றலாம்.

அதற்காக மறுபடி நாற்காலிக்குத் திரும்ப வேண்டியதில்லை. முட்டி மடங்குகிறவர், கால் வளைந்தவர், முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நடையையும் மூட்டையும் காட்டட்டும். எந்தப் பயிற்சி, எவ்வளவு என்பது அதற்குப் பிறகு. "அசையாதே" என்ற உத்தரவு வேறொரு நோய்க்காக எழுதப்பட்டது.