கடுக்காயும் சாயவேரும்: கேர்தூவின் மடலும் சோழமண்டலச் சாயத்தொழிற் சொற்களும்

ஒப்பியல் மொழிநூலின் வரலாற்றில் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கேர்தூவின் பெயர் 1767ஆம் ஆண்டோடு இணைத்தே பேசப்பெறுகிறது. வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் இடையிலுள்ள உறவைச் சுட்டி, பாரிசிலிருந்த கல்விக் கழகத்திற்கு அவர் எழுதியது அவ்வாண்டில்தான். வில்லியம் ஜோன்சு கல்கத்தாவில் இதே கருத்தை 1786இல் மொழிந்து புகழ் பெற்றார். கேர்தூவின் மடலோ 1808 வரை அச்சேறவில்லை. மொழியியலார் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றனர். ஆயின் அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1742 சனவரியில், அவர் எழுதிய வேறொரு மடல் துணி வரலாற்றாய்வாளரிடையே நன்கு அறியப்பட்டது. சோழமண்டலக் கடற்கரையில் பருத்தித் துணிக்குச் சாயமேற்றும் முறையை அது விரித்துரைக்கிறது. இவ்விரு மடல்களையும் எழுதிய கை ஒன்றே என்பது சொற்களை ஆராய்வோர் கருதத்தக்கது.

மடல் எழுந்த சூழலை முதலில் நோக்க வேண்டும். இந்திய வண்ணத் துணிகள் உள்நாட்டு நெசவைக் கெடுக்கின்றன என்று பிரான்சு அரசு 1686இல் அவற்றின் இறக்குமதியையும், அவற்றைப் போலச் செய்தலையும் தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. தடை இருந்தமையால் விருப்பம் குறைந்துவிடவில்லை. தொழில்நுட்பத்தை அறியும் ஆவல் கூடவே செய்தது. 1734ஆம் ஆண்டளவில் பொலியூ என்னும் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயக்காரர் வேலை செய்வதைப் பார்த்துப் படிக்குப் படி குறிப்பெடுத்ததோடு, ஒவ்வொரு படியிலும் துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். கேர்தூவின் வழி வேறு. தொழில் தெரிந்த புதுக் கிறித்தவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லியவற்றை ஒப்பிட்டு எழுதினார். ஒருவர் கண்ணால் கண்டு எழுதினார். மற்றவர் காதால் கேட்டு எழுதினார். சொல்லாய்வுக்குப் பின்னவரே மிகுதியும் பயன்படுகிறார்.

தொழில்முறை சுருக்கமாக இது. அரைகுறையாக வெளுத்த துணியை, நொறுக்கிய கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து உலர்த்துவர். பாலிலுள்ள கொழுப்பு, பின்னர் எழுதும் நீர் துணியில் கசிந்து பரவாமல் தடுக்கும். பிறகு துணியைக் கட்டையால் அடித்து வழவழப்பாக்குவர். கரித்தூளால் படியெடுத்த வடிவத்தின்மேல், இரும்பு ஊறிப் புளித்த நீரைக் கொண்டு கோடு இழுப்பர். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு கூடியவுடனே கோடு கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டுவர். அதற்குத் தனி நிறமில்லை. தீட்டியவன் கையறிவுக்குத் தெரிந்த ஓவியம் பிறர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. துணியைச் சாயவேரோடு சேர்த்துக் கொதிக்கவைக்கும்போதுதான் படிகாரம் பட்ட இடமெல்லாம் செந்நிறம் எழும்பும். இத்தொழிலின் இன்பம் முழுவதும் இந்தக் கொப்பரையடியிலேயே இருந்தது எனலாம். எஞ்சிய இடத்தில் ஏறிய மங்கல் நிறத்தைச் சாணமும் வெயிலும் நீக்கிவிடும். நீலத்திற்கு வேறு முறை: நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடித் துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். பச்சை என்பது நீலத்தின்மேல் தீட்டிய மஞ்சளே. அம்மஞ்சள் நிலைப்பதில்லை. அதனாலேயே இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலுள்ள பழந்துணிகள் பலவற்றில் இலைகள் நீலமாகத் தோன்றுகின்றன. சாயம் வெளுத்தல் என்னும் வழக்கு உண்மை வெளிப்படுதலைக் குறிப்பது. அவ்விலைகளுக்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. சாயவேர்ச் சிவப்போ இரு நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வெளுக்காமல் நிற்கிறது.

இனிச் சொற்களுக்கு வரலாம். கடுக்காய் ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்குப் புதிய பொருளன்று. மைரோபலான் என்னும் பெயரில் நெடுங்காலமாக அங்கு விற்கப்பட்டது. இருந்தும் கேர்தூ தமது மடலில் தொழிலாளர் வாயில் கேட்ட பெயரையே பிரெஞ்சு எழுத்தில் பெயர்த்து எழுதுகிறார். சாயவேர் என்பதையும் அவ்வாறே ஒலிபெயர்த்து நிறுத்துகிறார். பிரான்சில் மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த சிவப்பு வேர் ஒன்று பயிரிடப்பட்டது. அதன் பெயரைச் சாயவேருக்கு இட்டிருந்தால் படிப்போருக்கு எளிதாகப் புரிந்திருக்கும், ஆனால் பிழையாகியிருக்கும். இரண்டிலும் அலிசரின் என்னும் நிறப்பொருள் உண்டு. ஐரோப்பிய வேரில் பர்ப்புரின் என்ற மற்றொன்றும் உண்டு, சாயவேரில் அது இல்லை. வேதியியல் இதனை விளக்கும் காலத்திற்கு முன்பே, இது வேறு பொருள், இதற்கு இதன் பெயரே தகும் என்று முடிவுசெய்த மொழிபெயர்ப்பாளரின் செவி பாராட்டத்தக்கது. ஆங்கிலத்திலும் ‘சே’ என்ற சொல் இவ்வேரைக் குறித்து வழங்கியது. அதன் மூலம் தமிழ்ச் சாயவேரே.

படிகாரம் போன்று நிறத்தைத் துணியில் நிலைக்கச் செய்யும் பொருளைப் பிரெஞ்சுக்காரர் ‘கடிப்பது’ என்னும் பொருளில் மோர்தான் என்றனர். ஆங்கிலமும் அதனையே ஏற்றது. தமிழ்ப் பாடநூலார் அதற்கு நிறமூன்றி என்று பெயரிட்டனர். கடிப்பதைக் காட்டிலும் ஊன்றுவது அழகிய கற்பனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் சாயப்பட்டறை வழக்கில் ‘காரம்’ என்ற பழஞ்சொல் இருந்தது என்பதைக் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிக்கு இன்று தமிழில் வழங்கும் சீட்டி என்பது தமிழன்று. துளி தெறித்தலைக் குறிக்கும் இந்தி ‘சீண்ட்’ என்பதன் திரிபு அது. ஆங்கிலச் ‘சின்ட்சு’ம் அதன் வழிவந்ததே. கலங்காரி பாரசீகச் சொல். எழுதுகோல் வேலை என்பது பொருள். ஊர்ப்பெயர் துணிப்பெயராவதும் பழைய வழக்கு. கலிங்க நாட்டின் பெயர் சங்க இலக்கியத்தில் ஆடைக்குப் பொதுப்பெயராயிற்று. கள்ளிக்கோட்டை ஆங்கிலேயருக்குக் காலிக்கோ தந்தது. பழவேற்காடு கைக்குட்டைக்குப் பெயராயிற்று. மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் வழி சென்ற கோடிட்ட துணியைச் சப்பானியர் இன்றும் ‘சந்தோமே’ என்கின்றனர். பொருளைச் செய்தவன் மொழியினின்று ஊர்ப்பெயர் கடல் கடந்தது. செய்முறைச் சொற்கள் பட்டறையிலேயே தங்கிவிட்டன. கேர்தூவின் மடல் இதற்கு ஓர் அரிய விலக்கு.

இச்சொற்களின் வேறுபாடு ஏட்டளவினதன்று. மும்பையின் முலுண்டில் தமிழரும் கச்சுப் பகுதிக் குசராத்தியரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். கச்சின் அச்சுத் துணியான அசரக்குக்கும் முதலில் கடுக்காயே தேவை. அவர்கள் அதனை ‘ஹரடே’ என்பர். அவர்களின் பாந்தணியும், குசராத்திலிருந்து தெற்கே பெயர்ந்த சௌராட்டிரர் மதுரையில் வளர்த்த சுங்குடியும் துணியை முடிந்து சாயமிடும் ஒரே முறையின. பாந்தணி கட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. சுங்குடிக்கு வட்டம் எனப் பொருள்படும் வடசொல்லை மூலமாகக் கூறுவர். ஆடையின் கொசுவத்தையும் தொங்கலையும் உணர்த்தும் ‘சுங்கு’ தமிழிலும் தெலுங்கிலும் இருக்க, அதனை ஆராயாமல் வடசொல்லை நாடுவது விரைந்த முடிவாகவே தோன்றுகிறது.

1868இல் செருமானிய வேதியியலார் கிரேபும் லீபர்மானும் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். அடுத்த ஆண்டே வணிக உற்பத்திக்கு வழி பிறந்தது. 1896இல் ஓல்டர் சென்னை மாகாணச் சாயங்களைப் பற்றியும், 1917இல் அடவே பருத்தித்துணி ஓவியத்தையும் அச்சையும் பற்றியும் நூல் எழுதியபோது தொழில் தேய்ந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஒல்லாந்தர் வரியும் உரிமையும் வகுத்துத் தோண்டுவித்த வேருக்கு வாங்குவோர் இல்லாமற்போயினர்.

செடி அழியவில்லை. கடற்கரை மணலில் இன்றும் வளர்கிறது. சித்த மருத்துவர் அதனை இம்பூறல் என்று பறித்து இருமலுக்கு மருந்தாக்குகின்றனர். பழைய வணிக ஆவணமொன்றில் ‘சே’ வேரைக் காணும் மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டி இம்பூறல் என்று எழுதினால் தாவரவியற்படி அது சரியே. ஆயினும் கப்பலில் மூட்டை மூட்டையாக ஏறியது இம்பூறல் அன்று, சாயவேர்.