பல்லிழை ஒப்பந்தம்

நூல், துணி, ஆயத்த ஆடை ஆகியவற்றின் உலக வணிகத்தை 1974 முதல் 1994 வரை கட்டுப்படுத்திய பன்னாட்டு உடன்பாடு. எந்த நாட்டிலிருந்து எந்த வகைத் துணி ஆண்டுக்கு எவ்வளவு வரலாம் என்று இறக்குமதி செய்யும் நாடு உச்சவரம்பு விதிக்க இது வழிசெய்தது. ஏற்றுமதியாளர்கள் ‘கோட்டா’ என்று சொன்னது இந்த வரம்பைத்தான். இறக்குமதிக்கு அளவு வரம்பு கூடாது, நாட்டுக்கு நாடு பாகுபாடு கூடாது என்பவை உலக வணிகத்துக்கான காட் (சுங்கவரி, வணிகப் பொது) உடன்படிக்கையின் அடிப்படை விதிகள். துணிக்காக இரண்டுமே தளர்த்தப்பட்டன.

1950களில் ஜப்பானியப் பருத்தித் துணி அமெரிக்கச் சந்தையில் மலிவாகக் குவிந்தது. அமெரிக்க நெருக்கடிக்கு இணங்கி 1957இல் ஜப்பான் தன் ஏற்றுமதியைத் தானே குறைத்துக்கொண்டது. அந்த இடத்தை ஹாங்காங் நிரப்பியது. ஒரு நாட்டை மட்டும் தடுத்துப் பயனில்லை என்று கண்ட அமெரிக்கா பல நாடுகளைச் சேர்த்து 1961இல் குறுகிய கால ஏற்பாட்டையும், 1962இல் நீண்ட கால ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. ஐந்தாண்டுக்கு என்று தொடங்கிய பின்னது, 1973 வரை நீண்டது.

பருத்தி கட்டுண்டதும் செயற்கை இழைக்குப் பூசல் தாவியது. அமெரிக்க அதிபர் நிக்சன் 1968 தேர்தலில் தென்மாநில ஆலைகளுக்குப் பாதுகாப்பு தருவதாக வாக்களித்திருந்தார். அமெரிக்க ஆட்சியிலிருந்த ஒக்கினாவாவை மீட்க 1969 நவம்பரில் வாஷிங்டன் வந்த ஜப்பானியப் பிரதமர் சாத்தோவிடம் துணிக் கட்டுப்பாட்டையும் அவர் வற்புறுத்தினார். சாத்தோ இரகசியமாக ஒப்புக்கொண்டார்; ஆனால் உள்நாட்டு நெசவுத் தொழிலும் வணிக அமைச்சகமும் இணங்க மறுத்தன. இரண்டாண்டு இழுபறிக்குப் பின், எதிரி நாட்டு வணிகச் சட்டத்தையே பயன்படுத்துவோம் என்று அமெரிக்கா மிரட்ட, 1971 அக்டோபரில் வணிக அமைச்சர் தனாகா பணிந்தார். உபரித் தறிகளை அரசே விலைகொடுத்து வாங்கி அழித்தது. நிலப்பரப்பின் இறையாண்மையும் சட்டைத் துணியும் ஒரே பேரத்தில் வைக்கப்பட்டதுதான் இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. கம்பளி, செயற்கை இழை இரண்டையும் உள்ளடக்கிய பல்லிழை ஒப்பந்தம் 1974 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது.

வளர்ந்த நாடுகள் தங்களுக்குள் பெரும்பாலும் கோட்டா விதித்துக்கொள்ளவில்லை. சுமை ஏழை நாடுகள்மீதே விழுந்தது. இந்தியாவில் ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் கோட்டாவைப் பங்கிட்டது. முந்தைய ஏற்றுமதிக் கணக்கு உள்ளவர்களுக்குப் பெரும்பங்கு போனதால், திருப்பூர்ப் பனியன் தொழிலில் புதிதாக நுழைந்தவர்கள் திண்டாடினர். கோட்டா மிச்சமிருந்த நாடுகளை முதலாளிகள் தேடிச் சென்றதால் வங்கதேசத்திலும் இலங்கையிலும் தையல் ஆலைகள் பெருகின.

உலக வணிக அமைப்பு உருவான 1995இல், பத்தாண்டுகளில் கோட்டாவை ஒழிக்கும் உடன்பாடு வந்தது. பணக்கார நாடுகள் முக்கிய வகைகளை விடுவிக்காமல் இழுத்தடித்தன. இறக்குமதி அளவில் 49 விழுக்காடு கடைசி நாளுக்கே விடப்பட்டது. அதே 1995இல் இந்தியக் கம்பளிச் சட்டைகள், பிளவுஸ்களுக்கு அமெரிக்கா புதிய வரம்பு விதித்தது. ஆராய வேண்டிய பொருளாதாரக் காரணிகள் பலவற்றை அது ஆராயவேயில்லை. உலக வணிக அமைப்பில் இந்தியா வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வெளிவரும் முன், 1996 நவம்பரில், அமெரிக்கா வரம்பை விலக்கிக்கொண்டது. ஆயினும் தீர்ப்பு இந்தியாவுக்கே சாதகமானது. புகார் செய்பவர் முதலில் ஆதாரம் காட்ட வேண்டும், காட்டியபின் மறுக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு மாறும் என்று மேல்முறையீட்டு அமைப்பு 1997இல் வகுத்த நெறி, துணிக்குத் தொடர்பில்லாத வழக்குகளிலும் மேற்கோள் காட்டப்படுகிறது. கோஸ்டா ரிக்காவும் பாகிஸ்தானும் இவ்வாறே அமெரிக்காவை வென்றன.

2005 ஜனவரி 1இல் கோட்டா நீங்கியதும் சீன ஆடைகள் ஐரோப்பாவில் குவிந்தன. ஜூனில் பத்து வகைகளுக்கு வரம்பு கட்டப்பட, முன்னரே கொள்முதல் செய்யப்பட்ட கோடிக்கணக்கான ஸ்வெட்டர்களும் கால்சட்டைகளும் உள்ளாடைகளும் துறைமுகங்களில் தேங்கின. செப்டம்பரில் பெய்ஜிங்கில் பேசி விடுவித்தனர். சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தபோது ஏற்ற தனிப்பிரிவே இவ்வரம்புகளுக்கு இடம் தந்தது. ஐரோப்பிய வரம்புகள் 2007 இறுதியிலும், அமெரிக்கா சீனாவுடன் செய்த இதே போன்ற உடன்பாடு 2008 இறுதியிலும் காலாவதியாயின.